அட்டமைசேஷன்: அணுவா, திவலையா?

டீசல் பம்பு பழுதுபார்க்கும் கடையில் நாசிலை, அதாவது எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் மூக்கை, சோதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கை பம்பை ஓர் அழுத்து அழுத்தினால், நல்ல நாசில் கர்ரென்று கத்திக்கொண்டு புகை மாதிரி டீசலைத் தூவும். நுனியில் சொட்டு நின்றால், 'ஒழுகுது, மாத்தணும்' என்பார் மெக்கானிக். அந்தப் புகைத் தூவலுக்குத்தான் பொறியியலில் அட்டமைசேஷன் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வேர், 'அடொமோஸ்' என்ற கிரேக்கச் சொல். 'அ' என்பது மறுப்பு, 'டெம்னெய்ன்' என்றால் வெட்டுதல். ஆக, வெட்ட முடியாதது. நாம் அணு என்கிறோம். பிறகு எதையும் பொடிப்பொடியாக்குவதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சென்ட் அடிக்கும் புட்டியும் அட்டமைசர்தான்.

இதை 'அணுவாக்கம்' என்றால் தப்பு. 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) விட்டமுள்ள டீசல் துளிக்குள்ளேயே ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். அதோடு, பெயர் 'வெட்ட முடியாதது', நடப்பதோ வெட்டு மேல் வெட்டு!

காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) 2000 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2000 மடங்கு அழுத்தத்தில், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் துளை வழியே டீசல் பாய்கிறது. முதலில் அந்தத் தாரை உடைகிறது; அப்புறம் உடைந்த துளிகளையும் அடர்ந்த காற்று மறுபடி உடைக்கிறது. இதைக் கணினியில் காட்ட, துளி ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே அளவும் வேகமும் உள்ள துளிகளை ஒரு 'பார்சல்' ஆக்கிவிடுவார்கள். 1980இல் டூகோவிச் என்ற ஆய்வாளர் தந்த வழி இது. பொட்டலம் என்றே சொல்லலாம். 1987இல் ஓ'ரூர்க், ஆம்ஸ்டென் என்ற ஆய்வாளர்கள் துளியை ஸ்பிரிங்கில் தொங்கும் எடையாகப் பாவித்தார்கள்: ஆட்டம் எல்லை மீறினால் துளி உடையும்.

தாரை எவ்வளவு தூரம் போகும் என்பதும் உடைவைப் பொறுத்ததே. ஹிரோயாசு, அராய் என்ற ஆய்வாளர்களின் சூத்திரப்படி, உடையும்வரை தூரம் நேரத்தோடு சீராகக் கூடும். உடைந்தபின் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடும். நாலு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு தூரம். இந்தத் தூரத்துக்கு ஆங்கிலத்தில் 'பெனட்ரேஷன்'; தமிழில் ஊடுருவல் என்று எழுதப்படுகிறது. எனக்குப் 'பாய்தூரம்' போதும்.

சரி, அட்டமைசேஷனுக்கு என்ன சொல்? 'துளியாக்கம்' மோசமில்லை. ஆனால் ஒழுகும் நாசிலும் துளிதானே போடுகிறது! அருவிப் பக்கம் நின்றால் முகத்தில் படுமே, அது திவலை. சங்கப் பாடல்களில் துவலை. ஆகவே என் ஓட்டு 'திவலையாக்கம்'. சொட்டுகிற நாசில் துளி போடும், திவலை போடாது.