சோதனையில் தோற்றது துணியா, நாமா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) இப்படி ஒரு மெயில் போகிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஹேவிங் ஃபெயில்ட் தி ஷ்ரிங்கேஜ் டெஸ்ட், வீ ரிஜெக்டட் தி ஃபேப்ரிக்." துணி சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் தேறாததால் அதைத் திருப்பிவிட்டோம் என்பதுதான் எழுதியவர் நினைத்தது. ஆனால் ஆங்கில இலக்கணப்படி சோதனையில் தோற்றது துணியல்ல, கம்பெனி.

காரணம் எளிது. 'ஹேவிங் ஃபெயில்ட்' போன்ற தொடருக்குச் சொந்த எழுவாய் கிடையாது. கமாவைத் தாண்டி முதலில் நிற்கும் எழுவாயையே அது பிடித்துக்கொள்ளும். இங்கே அது 'வீ'. தொடரைக் கடைசிக்குத் தள்ளி, "வீ ரிஜெக்டட் தி ஃபேப்ரிக் ஆஃப்டர் ஃபெயிலிங் தி டெஸ்ட்" என்று எழுதினாலும் தோற்றவர் நாமேதான். பலர் இப்படி இடம் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

சரிசெய்ய வழி இரண்டு. துணியையே எழுவாயாக்கலாம்: "ஹேவிங் ஃபெயில்ட் தி ஷ்ரிங்கேஜ் டெஸ்ட், தி ஃபேப்ரிக் வாஸ் ரிஜெக்டட்." அல்லது தொடருக்குள்ளேயே எழுவாயை வைக்கலாம்: "பிகாஸ் தி ஃபேப்ரிக் ஃபெயில்ட் தி டெஸ்ட், வீ ரிஜெக்டட் இட்." யார் மேல் தப்பு என்று சண்டை வரக்கூடிய மெயிலுக்கு இரண்டாவதுதான் பத்திரம்.

இது வெள்ளைக்காரன் மட்டும் போட்ட விதியல்ல. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். 'செய்து' முதலான சில வினையெச்சங்கள் தம் வினைமுதலையே (அந்தச் செயலைச் செய்தவரையே) கொண்டு முடியும், மற்றவை பிறவற்றையும் ஏற்கும் என்று அவர் பிரித்திருக்கிறார். 'துணியை வெட்டித் தைத்தான்' என்றால் வெட்டியவனும் தைத்தவனும் ஒருவனே. 'துணியை வெட்டியதும் கரண்ட் போனது' என்றால் வெட்டியவர் வேறு. தமிழ் அதை ஏற்கும். 'ஆஃப்டர் கட்டிங் தி ஃபேப்ரிக், தி பவர் வென்ட் ஆஃப்' என்றாலோ கரண்டே துணியை வெட்டியதாக ஆகிவிடும். நம்மவர் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். 'டிபெண்டிங் ஆன்', 'ரிகார்டிங்' போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை முன்னிடைச்சொல் (ப்ரிபோசிஷன்) போலவே ஆகிவிட்டன.

அடுத்தது, வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம். 'சாம்பிளை நேற்று அனுப்பினோம்', 'நேற்று சாம்பிளை அனுப்பினோம்', இரண்டும் தமிழில் சரி. 'ஐ' உருபு செயப்படுபொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை இடம்தான் செய்கிறது. அதனால் "வீ சென்ட் யெஸ்டர்டே தி சாம்பிள்ஸ்" என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே காலத்தை நுழைக்கக் கூடாது. 'யெஸ்டர்டே' முதலில் வரலாம், கடைசியில் வரலாம்.

கடைசியில் வைத்தாலும் ஒரு கண் வேண்டும். "வீ வில் ஷிப் தி கார்ட்டன்ஸ் இன்ஸ்பெக்டட் ஆன் மண்டே" என்றால் திங்கட்கிழமை நடப்பது ஷிப்மென்டா, இன்ஸ்பெக்ஷனா? ஷிப்மென்ட் என்றால் 'ஆன் மண்டே' வாக்கியத்தின் தலைக்குப் போகட்டும். இன்ஸ்பெக்ஷன் என்றால் 'கார்ட்டன்ஸ்' என்பதற்குப் பின் 'தட் வேர்' சேர்த்துவிட்டு, ஷிப்மென்ட் தேதியைத் தனி வாக்கியமாக எழுதிவிடுங்கள்.