பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு எண்ணெய் விடாதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் துண்டில் சுற்றிய கேமரா ஒன்றை என் மேசைமேல் வைத்தார். யாஷிகா எலக்ட்ரோ 35. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. "அண்ணே, தாத்தாவோடது. ஷட்டர் இறுகிப்போய் இருந்துச்சு. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். அன்னைக்கு நல்லா ஓடுச்சு. இப்ப திறக்கவே மாட்டேங்குது" என்றார். பின்மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு வானவில் நிறம் மிதக்குமே, ஷட்டர் இதழ்களின்மேல் அதே நிறம்.

என்னிடம் வரும் பழைய கேமராக்களில் நிறைய இப்படித்தான் வருகின்றன. வயதால் வந்த கோளாறு சிறியதாக இருக்கும். அதைச் சரிசெய்யப் போய் உண்டான கோளாறு பெரியதாக இருக்கும்.

இந்த வகைக் கேமராவில், ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவான ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. மிக மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, நொடியில் 500-ல் ஒரு பங்குக்குள் திறந்து மூட வேண்டும். உலர்ந்த நிலையில் ஓடத்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. எண்ணெய் பட்டால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள்போல ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் ஓடியதற்குக் காரணம், அந்த எண்ணெய் பழைய பிசுக்கைக் கொஞ்சம் இளக்கியதுதான். பிறகு இரண்டும் கலந்து இதழ்களின் இடுக்கெல்லாம் பரவிவிடும். லென்ஸைக் கழற்றி, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மறுபடி துடைத்து... அந்தக் கேமராவுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

எலக்ட்ரோ 35, 1966-ல் ஜப்பானில் வந்தது. லென்ஸின் துளையளவை நாம் வைத்தால் போதும், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமராவே தீர்மானிக்கும். இதை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஃபிலிம் நகர்த்தும் லீவரை மெதுவாக இழுங்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு உதிர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். அது போனால் வெளிச்சக் கணக்கே தப்பிவிடும். மாற்றக்கூடியதுதான், ஆனால் கேமராவைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

பேட்டரி விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். இதற்கு அந்தக் காலத்தில் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. அது இப்போது கிடையாது. 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரோடு போட்டால் நன்றாகவே ஓடும். கேனன் கம்பெனியின் கேனனெட் கேமராக்களில் பேட்டரி போடும் மாடல் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அதற்கு 1.35 வோல்ட். சாதாரண 1.5 வோல்ட் பட்டன் செல் போட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் செல் அதற்கு நெருக்கமாக வரும்.

இனி, என்னை மிகவும் வருத்தும் ஒன்று. வியூஃபைண்டரின் நடுவே மஞ்சள் கட்டத்தில் இரட்டை உருவம் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. அந்த இரண்டாவது உருவத்தைக் காட்டுவது உள்ளே இருக்கும் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி. அதன் பூச்சு அவ்வளவு மென்மையானது. மங்கலாக இருக்கிறதே என்று மேல்மூடியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மாதிரி துணியால் அழுத்தித் துடைத்தவர்கள் இருக்கிறார்கள். பூச்சு துணியோடு வந்துவிடும். அதன்பின் இரட்டை உருவமே தெரியாது. அங்கே தூசி இருந்தால் காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மொட்டை மாடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் கோபுரத்தையோ செல்ஃபோன் டவரையோ பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்கு (∞) திருப்பினால் இரண்டு உருவங்களும் அச்சாகப் பொருந்த வேண்டும். பிறகு டேப்பால் ஒரு மீட்டர் அளந்து, அங்கேயும் பாருங்கள். இரண்டில் ஒன்று பிசகினாலும் சர்வீஸ் தேவை.

பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஸ்பான்ஜ் இத்தனை வருடத்தில் தார்போலப் பிசுபிசுத்திருக்கும். இதை நீங்களே மாற்றலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, குறுகிய பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதியுங்கள். சுரண்டும்போது துகள் ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள்.

தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், லென்ஸில் சிலந்திவலைபோலப் பூஞ்சை படர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து ஷட்டரைச் சில தடவை தட்டுங்கள்.

அந்த மாணவர் கேமராவை வாங்க வந்தபோது அவருக்குச் சொன்னது இன்னும் இரண்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். மீட்டரின் கண்ணும் லென்ஸுக்கு வெளியே, கேமராவின் நெற்றியில் இருப்பதால் அதுவும் எச்சரிக்காது. இன்னொன்று, லீவரை இழுக்கும்போது இடதுபக்க ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. அவர் அங்கேயே ரோலைப் போட்டு லீவரை இழுத்தார். உள்ளே 'டக்' என்றது, குமிழ் மெல்லச் சுற்றியது.