அனல்ஜெசிக்: வலிநீக்கியா, நோவுத்தடுப்பியா?

அனல்ஜெசிக் கிரேக்கச் சொல். 'அன்' என்பது இன்மை. 'அல்கேசிஸ்' என்பது நோவை உணர்தல். தமிழில் வலிநீக்கி என்றும் வலி நிவாரணி என்றும் சொல்கிறோம். வலிநீக்கியே போதும், நிவாரணி தேவையில்லை. மயக்க மருந்து வேறு. அது தொடுவுணர்வையும் சேர்த்து அடக்கும்.

ஆனால் பெங்களூரு பார்மசி கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் ரெக்கார்ட் நோட்டில் எழுதும் சோதனைகளுக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தாது. மருந்து வலியைத் தணிக்கிறதா என்று சூடான தட்டில் பார்க்கும் ஹாட் பிளேட் சோதனையையே பாருங்கள். உலோகத் தட்டை 55 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, கண்ணாடி உருளைக்குள் சுண்டெலியை விடுகிறார்கள். அது பின்னங்காலை நக்கும் வரை, அல்லது துள்ளும் வரை ஆகும் நொடிகளே அளவு. முன்னங்காலை நக்குவதைச் சேர்க்கக் கூடாது. முகம் துடைக்கும்போதும் எலி அதைச் செய்யும். பொதுவாக 15 நொடியில் எலியை எடுத்துவிட வேண்டும். தாண்டினால் பாதம் வெந்துவிடும். அந்த உயிருக்கும் கொடுமை, அடுத்த அளவும் செல்லாது.

மருந்துக்கு முன் 5 நொடி, பின் 11 நொடி என்றால் கூடியது 6. கூடியிருக்கக்கூடியது 15-இல் 5 போக 10. ஆக, விளைவு 60 சதவீதம்.

இங்கே அளந்தது எலியின் அசைவை. அதன் வேதனையை அல்ல. தூக்க மருந்தோ தசை தளர்த்தியோ கொடுத்தாலும் எலி தாமதமாகவே துள்ளும். அதனால் சுழலும் உருளையில் நிற்கவிட்டு, தசை தளரவில்லை என்று உறுதிசெய்த பிறகே முடிவு எழுத வேண்டும். மாறாக, அதே எலியைத் திரும்பத் திரும்பத் தட்டில் விட்டால் அது பழகிக்கொண்டு சீக்கிரமே துள்ளும். நல்ல மருந்தும் வேலை செய்யாதது போலத் தெரியும். ஆஸ்பிரினுக்கு இந்தத் தட்டு ஏற்றதல்ல. அதற்கு அசெட்டிக் அமிலம் 0.6 சதவீதக் கரைசலைக் கிலோ எடைக்கு 10 மில்லிலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் செலுத்தி, உடல் முறுக்குவதை எண்ணும் முறை பொருந்தும்.

தீங்கைத் தரும் தூண்டலை நரம்பு உணர்ந்து கடத்துவதற்கு ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் 1906-இல் தந்த சொல் வழி வந்ததே நோசிசெப்ஷன். வேர், தீங்கு செய்தலைக் குறிக்கும் லத்தீன் 'நோசெரே'. தமிழில் நோவுணர்வு எனலாம். பழந்தமிழில் வலி பெரும்பாலும் வலிமையையே குறித்தது. வேதனைக்கு உரியது நோவு. கன்னடத்திலும் இன்றுவரை நோவுதான், அதனால் பெங்களூரில் யாருக்கும் அந்நியமாகப் படாது.

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து வலிநீக்கி. எலியிடம் அளந்ததை ரெக்கார்டில் 'நோவுணர்வுத் தடுப்பு' என்று எழுதுங்கள்.