இதயத்துக்கு ஒரு பிரேக் இருக்கிறது

"வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை வாங்கினதும் எல்லாம் மறந்துபோகிறது என்கிறாள். மந்திரித்த கயிறு கட்டியும் பலன் இல்லை. பள்ளியில் ஏதாவது செய்ய முடியுமா?" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்.

மறந்துபோகவில்லை. ஹாலை விட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் அத்தனையும் ஞாபகம் வருகிறதே, அதுவே சாட்சி. பயம் வந்ததும் மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி மணியடிக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி முதலில் அட்ரீனலின், கொஞ்சம் கழித்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. இதுவரை பாடப்புத்தகக் கதைதான். கார்ட்டிசோல் ஏறியிருக்கும்போது, மூளையில் பத்திரமாக இருக்கும் நினைவை வெளியே எடுப்பது கடினமாகிறது. போதாததற்கு, நம் மனம் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைத்தான் கையில் பிடித்திருக்கும். "மார்க் குறைந்தால் அப்பா என்ன சொல்வார்" என்பது அதில் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால், கணக்குக்கு மிச்சம் ஏது?

"பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. அமிக்டலாவுக்குக் காது கிடையாது. ஆனால் அது தட்டிவிட்ட இதயத்தை அடக்க வேறொரு வழி இருக்கிறது. எனக்கு உடலியலில் மிகப் பிடித்த இடமும் அதுதான்.

வெளியிலிருந்து வரும் எல்லா நரம்புகளையும் துண்டித்துவிட்டால் இதயம் தானாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நமக்கோ 70 சொச்சம்தான். அந்த 30-ஐக் குறைத்தது யார்? மூளையின் அடிப்பகுதியில் கிளம்பி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றும் வேகஸ் நரம்பு. லத்தீனில் அந்தப் பெயருக்கு அர்த்தமே 'அலைபவன்'. இதயம் எப்போதும் ஓடப் பார்க்கும் வண்டி. வேகஸ் எந்நேரமும் பிரேக்கில் கால் வைத்திருக்கும் டிரைவர்.

இந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருந்தியல் விஞ்ஞானி ஓட்டோ லோவி கண்டுபிடித்து 1921-ல் வெளியிட்டார். சோதனைக்கான யோசனை கனவில் வந்ததாம். பாதித் தூக்கத்தில் கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சொட்டுகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். 1936-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 'தவளை இதயத்தால் யாருக்கு லாபம்?' என்று நிதிக்குழு எதுவும் கேட்டு மடக்காதது நம் அதிர்ஷ்டம். இப்போது கேட்டிருப்பார்கள்.

அப்புறம் மூச்சுக்கு வருவோம். மூச்சை இழுக்கும்போது வேகஸ் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்கிறது. விடும்போது மறுபடி அழுத்துகிறது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீள்வது தெரியும். பிள்ளைகளிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு எட்டாம் வகுப்பில் இதைச் செய்ய வைத்தபோது ஒரு பையன் முகம் வெளுத்து, "சார், நின்னு நின்னு அடிக்குது!" என்றான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நல்ல பிரேக் என்றேன். ஆக, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், பிரேக் விடும் நேரத்தைவிடப் பிடிக்கும் நேரம் கூடுதல். கைநடுக்கமும் கொஞ்சம் அடங்கும்.

இதைப் படித்துவிட்டு 'மூச்சு வகுப்பு' என்று ஒரு பீரியட் போட்டு, அதற்கும் மார்க் வைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, மூச்சையும் மனத்தையும் கவனித்துப் பழகும் மனநிறை (மைண்ட்ஃபுல்னஸ்) தியானப் பாடத்தைச் சோதித்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான பாடத்தைவிட எந்தப் பலனும் கூடுதலாக இல்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லையாம். யார்தான் செய்வார்கள்? படபடக்கும் இதயத்துக்கு மூச்சு உதவும். அடிக்கும் அப்பாவுக்கும், வகுப்பு நடுவில் மார்க்கை உரக்க வாசிக்கும் ஆசிரியருக்கும் அது மருந்தில்லை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. உங்கள் மகளின் பள்ளியில் ஒருவராவது இருக்கிறாரா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். ஸ்மார்ட் போர்டுக்குக் காசு இருக்கும் இடத்தில் இதற்கும் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கயிற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவை வைத்து வாங்கிய பிள்ளை தெம்பாகப் போனால் போகட்டுமே. கயிறு அறுந்தால் பரீட்சை போச்சு என்று சொல்பவர்களிடம்தான் சண்டை, அது இன்னொரு பயத்தை வாங்கிக் கட்டுவது.

நம் பொதுத்தேர்வில் கேள்வித்தாளை வாசிக்க 10 மணியிலிருந்து 10.10 வரை நேரம் தருகிறார்கள். அதில் முதல் நிமிடம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாடியில் விரல் வைத்து ஆறு மூச்சு விடச் சொல்லுங்கள். நாலும் ஆறும் பத்து நொடி, சரியாக ஒரு நிமிடம். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை என்று இருக்கக் கூடாது. இப்போதிருந்தே வகுப்புத் தேர்வுகளில் பழகட்டும். கயிறு விரலுக்கு இடைஞ்சலாக இருந்தால் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்ளலாம்.