டங்ஸ்டன் ஃபிலிமுக்குத் தமிழ் என்ன?

'செயற்கை ஒளிப் படச்சுருள்' என்று போன வாரம் இன்னொரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ! டங்ஸ்டன் ஃபிலிமைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

டங்ஸ்டன் ஸ்வீடிஷ் சொல். கனமான கல் என்று பொருள். உருகுவதற்கு 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதால் பல்புக்குள் இழையாகப் போய் உட்கார்ந்தது. அந்த இழையின் ஒளியில் நிறம் சரியாக விழும்படி செய்த ஃபிலிமுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி சுருளுக்குள் டங்ஸ்டன் எதுவும் இல்லை. ஆகவே 'தங்குதன் சுருள்' என்று எழுதும் தூய தமிழன்பரும் மன்னிக்க வேண்டும்.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், சூடு ஏற ஏற வெளுக்கும். ஓர் ஒளியின் நிறத்தை இப்படிச் சூட்டைக் கொண்டு கெல்வின் என்ற அலகில் சொல்வதுதான் நிற வெப்பநிலை. ஸ்டூடியோ இழைவிளக்கு 3,200, நண்பகல் வெயில் 5,500 வாக்கில். இந்தச் சொல்லில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 'செயற்கை'யோடுதான். ஃபிளாஷ் செயற்கை ஒளி இல்லையா? அதன் நிறமோ வெயிலுக்குப் பக்கம். பெயரை நம்பி, இழையின் மஞ்சள் ஒளிக்கென்று செய்த இந்தச் சுருளில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் மணமக்கள் நீலமாக நிற்பார்கள். ட்யூப்லைட்டும் செயற்கைதான், பழைய குழல்களின் கீழ் படத்தில் பச்சை ஏறும். ஆக, செயற்கை ஒளியில் பாதிக்கு ஒத்துவராத சுருளுக்குச் செயற்கை ஒளி என்று பெயர்!

ஜெர்மானியரும் அப்படித்தானே சொன்னார்கள் என்பார்கள். சொன்னார்கள். அவர்களுடைய அக்ஃபாகலர் என்ற கலர் நெகடிவ் ஃபிலிமில் 'கே' (K) என்றால் செயற்கை ஒளி, 'டி' (T) என்றால் பகல் ஒளி. ஆனால் 1940களில் செயற்கை ஒளி என்றாலே பெரும்பாலும் இழைவிளக்குதான். இன்று சொல் ஆக்குகிறவர் அந்தக் காலத்துப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?

வம்பே வேண்டாமென்று எழுத்தை மட்டும் போடுகிறவர்கள் இன்னும் மோசம். கோடாக் ஃபிலிமில் பகலுக்கு D, டங்ஸ்டனுக்கு T; முன்னால் வரும் எண் ஃபிலிமின் வேகம். தமிழில் இரண்டுமே 'டி'. 250டி, 500டி என்று அச்சடித்தால் எது வெயிலுக்கு, எது விளக்குக்கு?

'இழைவிளக்குச் சுருள்', அதன் ஜோடிக்குப் 'பகலொளிச் சுருள்' என்பேன். படப்பிடிப்பில் யாரும் இப்படிப் பேசப்போவதில்லை, டங்ஸ்டன் என்றேதான் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் குழப்பம் இல்லை. புத்தகத்தில் தமிழாக்கியே தீருவேன் என்கிறவருக்குத்தான் இது.

டிஜிட்டல் கேமராவில், ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமன் (white balance) மெனுவைத் திறந்து பாருங்கள். குண்டு பல்புக்கு ஒரு படம், ட்யூப்லைட்டுக்கு ஒன்று, ஃபிளாஷுக்கு மின்னல்கீற்று. மூன்றும் செயற்கை ஒளிதான். இதில் எதைத் தட்டச் சொல்வார் நம் மொழிபெயர்ப்பாளர்?