கரண்ட் – மின்னோட்டம்: சொல் விளக்கம்

"கரண்ட் போச்சு." "கரண்ட் பில் கட்டணும்." "தொட்டேன், கரண்ட் அடிச்சிருச்சு." மூன்றிலும் வருவது ஒரே சொல்தான், பொருள்தான் வேறு வேறு. முதலாவதில் அது மின் வழங்கல். இரண்டாவதில் நாம் செலவழித்த மின்னாற்றல். மூன்றாவதில் உடம்பு வழியே பாய்ந்த மின்னோட்டம். இயற்பியல் பாடத்தில் கரண்ட் என்பது இந்த மூன்றாவது மட்டுமே.

சொல்லின் வேர் 'குர்ரெரே' என்ற லத்தீன் வினை. ஓடுவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நீரோட்டத்துக்கு வழங்கி, பிறகு மின்சாரத்துக்கும் ஆனது. தமிழில் மின் + ஓட்டம். 'மின்' என்றால் மின்னல், ஒளிர்தல். மின்மினியில் இருப்பதும் அதுவே. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் எல்லாவற்றுக்கும் அமைந்துவிடாது. கணக்கில் இதற்கு 'ஐ' என்ற எழுத்தைப் போடுவது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். மின்னோட்டத்தின் செறிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது. அலகான ஆம்பியரும் ஆந்த்ரே மாரி ஆம்பியர் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயர்தான். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அதை ஏற்றது.

கம்பியின் ஓரிடத்தை ஒரு விநாடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதே மின்னோட்டம். மின்னூட்டத்தின் அலகு கூலூம்; விநாடிக்கு ஒரு கூலூம் கடந்தால் 1 ஆம்பியர். எலக்ட்ரான் கணக்கில் சுமார் 62,400 கோடி கோடி!

சரி, கணக்குக்கு வருவோம். மின்னழுத்தம் (வோல்டேஜ்) = மின்னோட்டம் × மின்தடை (ஓட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, அலகு ஓம்); இது ஓம் விதி. திறன் (வாட்டில் அளப்பது) = மின்னழுத்தம் × மின்னோட்டம். 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை 230 வோல்ட்டில் போட்டால் 2,000 ÷ 230, அதாவது 8.7 ஆம்பியர் ஓடும். 6 ஆம்ப்ஸ் பிளக் இதைத் தாங்காது; எலக்ட்ரீஷியன் 'பவர் பிளக்' வேண்டும் என்று சொல்லும் 16 ஆம்ப்ஸ் பிளக்தான் சரி. ஹீட்டர் காயிலின் மின்தடை 230 ÷ 8.7, சுமார் 26.4 ஓம். சாயங்காலம் லோ வோல்டேஜாகி 180 வோல்ட் வந்தால்? மின்தடை ஏறக்குறைய அதேதான். ஓட்டம் 6.8 ஆம்பியராகக் குறையும். திறனோ 1,225 வாட் அளவுக்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், சூடு குறைவது ஐந்தில் இரண்டு பங்கு. "லோ வோல்டேஜில் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்ற பேச்சு ஹீட்டருக்குப் பொருந்தாது. அது சுமையோடு ஓடும் மோட்டாரின் கதை. அங்கே காயில் எரிவதும் அதனால்தான்.

தமிழில் உண்மையான குழப்பம் கரண்டில் இல்லை, மின்தடையில் இருக்கிறது. பாடநூலில் மின்தடை என்றால் ஓமில் அளப்பது. செய்தித்தாளில் "நாளை மின்தடை" என்றால் காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டியது. பின்னதற்கு மின்வெட்டு, மின்நிறுத்தம் என்ற சொற்கள் இருக்கும்போது ஒரே சொல்லை இரண்டுக்கும் இழுப்பானேன்?

அப்புறம், இலங்கைப் பாடநூலைப் புரட்டுபவர்களுக்கு ஒன்று: இங்கே திறன் என்பது அங்கே வலு, இங்கே ஆற்றல் என்பது அங்கே சக்தி. மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட், 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடிய செலவு. ஆகவே அது ஆற்றல் கணக்கு, அங்கே சக்திக் கணக்கு. 'கரண்ட் பில்'லைத் தமிழாக்கும்போது மின்னோட்டக் கட்டணம் என்று எழுதிவிடாதீர்கள். மின் கட்டணம் என்றால் போதும்.