ஃபிட்னஸ் டெஸ்ட்: தேர்வா, அளவீடா?

‘உடற்தகுதித் தேர்வில் தேறினார்’, ‘உடற்தகுதித் தேர்வில் கோட்டைவிட்டார்’ என்று விளையாட்டுப் பக்கங்களில் ஓயாமல் வருகிறது. முதல் கோளாறு எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் ற் என்ற மெய்யை அடுத்துத் தகரம் வராது. புணர்த்தினால் உடற்றகுதி, பிரித்தால் உடல்தகுதி. ‘உடற்தகுதி’ இரண்டுங்கெட்டான்.

‘டெஸ்ட்’ லத்தீனில் மண்கலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்த்த கலம் அது. ‘ஃபிட்’ என்றால் பொருத்தம். பொருத்தத்துக்குத் தகுதி, டெஸ்டுக்குத் தேர்வு என்று அகராதியைப் பார்த்து ஒட்டவைத்ததோடு மொழிபெயர்ப்பாளரின் வேலை முடிந்துவிட்டது.

தகுதி என்றாலே ‘எதற்குத் தகுதி?’ என்ற கேள்வி வரும். தேர்வு என்றால் தேர்ந்தெடுப்பதும் கழிப்பதும். தமிழகக் காவலர் ஆள்சேர்ப்பில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அங்கே ‘உடல்தகுதித் தேர்வு’ கச்சிதம். யோ-யோ எனும் ஓடித் திரும்பும் ஓட்டச் சோதனையில் 16.1 என்ற நிலையை எட்டினால்தான் அணியில் இடம் என்றாலும் பொருந்தும். பயிற்சியாளர் விளையாட்டுப் பருவத் தொடக்கத்தில் எடுப்பது அதுவல்ல. அதில் யாரும் தேறுவதுமில்லை, தோற்பதுமில்லை.

ஒரு கணக்கு: 5 நிமிடம் முழுமூச்சாக ஓடவிட்டு, ஓடிய தூரத்தை 300 விநாடியால் வகுக்கிறோம். ஒருத்தி 1350 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 4.5 மீட்டர், இன்னொருத்தி 1200 என்றால் 4. ‘15 விநாடி ஓட்டம், 15 விநாடி ஓய்வு’ பயிற்சியை அளந்த அந்த வேகத்திலேயே வைத்தால், 15 விநாடியில் எட்ட வேண்டிய கோடு முதல் பெண்ணுக்கு 67.5 மீட்டரில், அடுத்தவளுக்கு 60இல். இருவரையும் 67.5க்கே விரட்டினால் இரண்டாமவள் தன் வேகத்தில் 112 விழுக்காட்டுக்கு மேல் ஓடுகிறாள். சில சுற்றுகளிலேயே துவண்டுவிடுவாள். கோட்டை எங்கே போடுவது என்று சொல்லத்தான் அந்த எண். அதைத் ‘தேர்வு’ என்றதும் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு ஓடுகிறார்கள்: முந்தின நாள் ஓய்வு, புது ஷூ, கூடுதல் காபி. அடுத்த முறை அவை இல்லாதபோது எண் இறங்கும். பயிற்சி மேல் பழி விழும்.

அளவீடு என்று நினைத்தால் அளவுகோலைக் காக்கத் தோன்றும். அதே தளம், அதே நேரம், அதே முன்தயாரிப்பு, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. 100 மீட்டர் ஓட்டத்தைக் கையால் அழுத்தும் நிறுத்துக்கடிகாரத்தில் அளந்தவர்கள் அடுத்த முறை மின்னணுக் கருவிக்கு மாறினால், சுமார் 0.24 விநாடி கூடித் தெரியும். ஓட்டக்காரர் மந்தமாகவில்லை, கடிகாரம் மாறியிருக்கிறது.

‘சோதனை’ பேச்சுக்குச் சரி. ஆனால் ‘வீராங்கனைக்குச் சோதனை’ என்று தலைப்பிட்டால் ஊக்கமருந்துதான் நினைவுக்கு வரும். பயிற்சிக்காக எடுப்பதை ‘உடல்திறன் அளவீடு’ என்பதே தெளிவு. அதையும் ‘உடற்திறன்’ ஆக்கிவிட வேண்டாம்.